விழுவதன் விலை

ரேடியோவால் இயங்கும் சிறு விமானத்தை ஓட்டப் பழகியவர்களில் அதைத் தரையில் மோதாமல் பழகியவர் இல்லை. விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது கையிலுள்ள குச்சியை வலப்பக்கம் தள்ளினால் அது வலப்பக்கம் திரும்பும். அதே விமானம் நம்மை நோக்கி வரும்போது அதே தள்ளலுக்கு நம் கண்ணெதிரே இடப்பக்கம் போகும். இது விரலுக்குப் பழகும்வரை ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்து முடிப்பதற்குள் தரை வந்துவிடுகிறது. வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழந்தாலும், எதிர்பாராமல் காற்று புரட்டினாலும் இதே கதிதான். ஆகையால் இந்தப் பொழுதுபோக்கு யார் கைக்கு எட்டியது, யாருக்கு எட்டாமல் போனது என்பதை முடிவுசெய்ததில் விமானத்தின் விலையைவிட, அது ஒருமுறை விழுந்தால் ஆகும் செலவுக்கே பெரிய பங்கு உண்டு. அந்தச் செலவில் பணம் ஒரு பகுதி. மீண்டும் கட்டி முடிக்க ஆகும் வாரங்களும், மீண்டும் கட்ட மனம் வராமல் போவதும் மறு பகுதி. சுமார் ஐம்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற அந்தச் செலவு 2000ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் மளமளவென்று சரிந்தது.

ஏன் சரிந்தது என்று கேட்டால் பலரும் சொல்லும் பதில், ஃபோம் வந்துவிட்டது என்பது. மரத்தைவிட மலிவு, வெட்ட எளிது, எடை இல்லை, ஆகவே விமானமும் மலிவாகிவிட்டது என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கு இதற்கு ஒத்துவரவில்லை. அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் ரே மெக்கின்டயர் பாலிஸ்டைரீனை நுரையாக ஊதச்செய்யும் முறையை வசப்படுத்தியது 1941 வாக்கில். அதற்கு முன்பே ஸ்வீடனில் கார்ல் முன்டர்ஸ் இதே வழியைக் கண்டிருந்தார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் உயிர்காப்பு மிதவைகளில் அந்த நுரை பயன்பட்டது. நாம் தெர்மாகோல் என்று அழைக்கும் மணிமணியான வகையை ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1960களிலேயே மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் சூடேற்றிய கம்பியால் இந்த நுரையை இறக்கை வடிவில் அறுக்கத் தெரிந்திருந்தார்கள். ஆக, பொருளும் இருந்தது, வெட்டும் உத்தியும் இருந்தது. இருந்தும் தொடக்கக்காரரின் விமானம் அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு மரத்திலேயே கட்டப்பட்டது. அந்த நாற்பது ஆண்டு இடைவெளிக்கு ஃபோமைப் பார்த்தால் விளக்கம் கிடைக்காது. விமானத்தின் வயிற்றுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும்.

ரேடியோவால் ஆளப்பட்ட மாதிரி விமானங்களில் முன்னோடியாகக் கருதப்படுவது, மிச்சிகன் மாநிலம் கலமசூவைச் சேர்ந்த இரட்டையர்களான வால்டர் குட், வில்லியம் குட் இருவரும் 1937இல் பறக்கவிட்ட ‘கஃப்’. இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் வான்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. இறக்கையின் நீளம் சுமார் 8 அடி. எடை ஏறத்தாழ நான்கு கிலோ. பொம்மை விமானம் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அக்காலத்து வால்வு ரேடியோ, அதற்கான கனத்த பேட்டரிகள், பெட்ரோல் இன்ஜின் மூன்றையும் தூக்க அந்த அளவு இறக்கை தேவைப்பட்டது. போருக்குப் பின் வந்த எளிய கருவிகளில் ஒரே ஒரு பொத்தான்தான். முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் இயங்கிய சிறு பொறி ஒன்று, பொத்தானை அழுத்தும்போதெல்லாம் வால் திசைமாற்றியை இடம், நடு, வலம், நடு என்று வரிசையாக நகர்த்தும். எத்தனை முறை அழுத்தினோம் என்ற கணக்கு தவறினால் விமானமும் தவறும். குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவே சுக்கான் திரும்பும் வசதி 1960களில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பத்தில் அதன் விலை பல நூறு டாலர். அன்றைய சம்பளத்தில் அது சில வாரக் கூலிக்குச் சமம். அப்படிப்பட்ட கருவியைச் சுமக்கும் விமானத்தைத் தெர்மாகோலில் செய்துபார்க்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? இன்ஜினின் அதிர்வு நுரையை இணைப்புகளில் தளர்த்திவிடும். பெட்ரோல் பட்டால் பாலிஸ்டைரீன் கரைந்து குழியாகும். அன்று இறக்கைத் தாளுக்குப் பூசிய டோப் என்ற மெருகும் அதைக் கரைத்துவிடும். எனவே நுரை இறக்கை செய்தவர்கள்கூட அதன்மேல் மெல்லிய மரத்தகடு ஒட்டி மூடினார்கள். எடை மீண்டும் ஏறியது.

1970களிலும் 80களிலும் புதியவருக்கு என்று பரிந்துரைக்கப்பட்ட பால்சா விமானம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது. தட்டையான பலகைமேல் வரைபடத் தாளை விரித்து, பசை ஒட்டாமலிருக்க அதன்மேல் மெழுகுத்தாள் போடுவார்கள். ஈக்வடாரிலிருந்து வந்த பால்சாக் கட்டையிலிருந்து வெட்டிய விலா எலும்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, குண்டூசி குத்தி, நெடுக்குச் சட்டத்தில் ஒட்டுவார்கள். பசை காயும்வரை காத்திருந்து மறுபாதிக்குப் போவார்கள். இரண்டு பாதிகளையும் சரியான கோணத்தில் இணைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை இஸ்திரிப்பெட்டி போன்ற சிறு கருவியால் இழுத்து ஒட்டுவார்கள். மாலை நேரங்களில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இது வாரக்கணக்கில் ஓடும். இறக்கை ஒன்றரை மீட்டர், இன்ஜினும் எரிபொருளும் ரேடியோவும் சேர்த்து எடை இரண்டரை கிலோ அளவில் வந்து நிற்கும். அழகான பொருள் அது. வெயிலில் பிடித்தால் உறை வழியே விலா எலும்புகள் தெரியும். ஆனால் பால்சாவுக்கு ஒரு குணம் உண்டு. தாங்கும்வரை நன்றாகத் தாங்கும். எல்லை மீறினால் சில்லுச்சில்லாக நொறுங்கும். மூக்கு தரையில் பட்டால் அடி மூக்கோடு நிற்காது, சட்டங்கள் வழியே கடைசி விலா எலும்புவரை ஓடும்.

அந்த அடி எவ்வளவு பெரியது என்பதைப் பள்ளிக் கணக்கே காட்டிவிடும். மோதும்போது வெளிப்படும் ஆற்றல், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. இரண்டரை கிலோ விமானம் விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் மோதினால் சுமார் 405 ஜூல். அரைக் கிலோ ஃபோம் விமானம் விநாடிக்கு 8 மீட்டரில் மோதினால் 16 ஜூல். ஏறத்தாழ இருபத்தைந்தில் ஒரு பங்கு. எடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்ததற்கு அடி இருபத்தைந்தில் ஒன்றாகக் குறைகிறது. காரணம், இறக்கையின் பரப்புக்குச் சுமை குறைந்தால் விமானம் மெதுவாகவே பறக்க முடியும்; எடை குறையும்போது வேகமும் சேர்ந்து குறைகிறது. என் வாதத்தின் அச்சாணி இந்தக் கணக்குதான். உறுதியான பொருளால் கட்டினால் விமானம் பிழைக்கும் என்று மரக் காலத்தவர்கள் நம்பினார்கள். உறுதி சேர்க்கச் சேர்க்க எடை கூடியது, எடை கூடக் கூட வேகம் கூடியது, வேகம் கூடிய அளவுக்கு மேலும் உறுதி தேவைப்பட்டது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர உள்ளே இருக்கும் சுமையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சுமை குறையாதவரை, விழுவதைத் தடுக்கும் பொறுப்பு மனிதர்கள் தலையில் விழுந்தது. 1936இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாதிரி விமானக் கழகத்தின் கீழும், பிற நாடுகளின் சங்கங்களிலும் பயிற்றுநர் முறை வளர்ந்தது. மாணவரின் டிரான்ஸ்மிட்டரையும் ஆசிரியரின் டிரான்ஸ்மிட்டரையும் ஒரு கம்பியால் இணைத்திருப்பார்கள். விமானம் தடுமாறினால் ஆசிரியர் தான் அழுத்திப் பிடித்திருக்கும் பொத்தானை விட்டுவிடுவார். உடனே கட்டுப்பாடு அவர் கைக்குப் போய்விடும். ஓடுபாதை, எரிபொருள், வேலி, காப்பீடு எல்லாம் சங்கத்தின் ஏற்பாடு. அலைவரிசைக்கும் சங்கமே காவல். அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், பிரிட்டனில் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான தடங்களே இருந்தன. ஒரே தடத்தில் இருவர் ஒரே நேரத்தில் கருவியை இயக்கினால் ஏற்கெனவே வானில் இருக்கும் விமானம் கீழே வரும். அதனால் பலகையில் தடத்துக்கொரு முளை மாட்டி வைத்திருப்பார்கள். முளையை எடுத்தவரே கருவியை முடுக்கலாம். இந்த ஒழுங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பொறுமையான ஆசிரியர்களையும் கவனமான கைகளையும் அது உருவாக்கியது. ஆனால் அது ஒரு வாசலும்கூட. அருகில் சங்கம் இல்லாத ஊர்க்காரர், வார இறுதி ஓய்வு கிடைக்காத தொழிலாளி, ஆசிரியரின் கண்ணில் படாத சிறுவன் ஆகியோர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். விழுந்தால் கட்டுப்படியாகாத கருவியை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாகக் கற்பது நடவாத காரியமாக இருந்தது.

மலிவான பறக்கும் மாதிரிகள் எக்காலமும் இருந்தன, வாசல் பூட்டியிருந்தது என்பது மிகை என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். 1871இல் பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்ஃபோன்ஸ் பெனோ முறுக்கிய ரப்பரால் இயங்கும் சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டுக் காட்டினார். அந்த மரபில் சில குச்சிகளும் மெல்லிய தாளும் ரப்பர் நாடாவும் கொண்ட ‘டெல்டா டார்ட்’ போன்ற மாதிரிகள் இருபதாம் நூற்றாண்டில் எண்ணற்ற குழந்தைகளின் கையில் சில காசுகளுக்குக் கிடைத்தன. உள்ளரங்குப் போட்டிகளுக்கென்று ஒரு கிராமை ஒட்டிய எடையில் விமானம் கட்டுகிறவர்களும் இருந்தார்கள், இருக்கிறார்கள். இந்தச் சான்று என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அந்த மாதிரிகளில் ரேடியோ இல்லை, ஆகவே எடை இல்லை. எடை இல்லாததால் விழுந்தாலும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால் ஆசிரியர் இல்லாமலே குழந்தைகள் கற்றார்கள். ஒரே ஒரு குறை, விட்டபின் அது காற்றின் போக்கில் போகும். ஓட்டுவது என்ற அனுபவம் அதில் கிடையாது. ஓட்டும் அனுபவத்தை அந்த எடைக்குள் கொண்டுவர முடியுமா என்பதே அரை நூற்றாண்டாகத் தீராமல் கிடந்த சிக்கல்.

மின்சாரத்தால் அதைத் தீர்க்க முயன்றவர்கள் முன்பே இருந்தார்கள். 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் ‘ரேடியோ குவீன்’ என்ற மாதிரியை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். ரேடியோ கட்டுப்பாட்டோடு மின்சாரத்தில் பறந்ததாக முதன்முதலில் பதிவானது அதுதான். ஜெர்மனியில் ஃபிரெட் மிலிட்கி, கிரௌப்னர் நிறுவனத்துக்காக மின்மோட்டாரில் பறக்கும் ‘சைலன்ஷியஸ்’ என்ற மாதிரியை உருவாக்கினார். 1973இல் ஆஸ்திரியாவில் மனிதரைச் சுமந்து பறந்த மின் விமானத்தின் பின்னாலும் இதே மிலிட்கி இருந்தார். அவருடைய விடாமுயற்சிக்குத் தனி மரியாதை செய்ய வேண்டும். ஏனென்றால் அவர் காலத்து வேதியியல் அவருக்கு எதிராகவே இருந்தது. நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒரு கிலோவுக்கு 40 முதல் 60 வாட்மணி அளவு மட்டுமே சேமிக்கும். மின் விமானங்கள் மேலெழும்பின. ஆனால் கனத்த வயிற்றோடு சில நிமிடம் பறந்து இறங்கின. எடையைக் குறைத்த மூன்று மாற்றங்களுமே விமானக் கலைக்கு வெளியிலிருந்து வந்தவை. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியம் காந்தம் ஒன்று. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரியும், அதன் வழியில் வந்து கிலோவுக்கு 150 வாட்மணிக்கு மேல் சேமித்த லித்தியம்-பாலிமர் என்னும் லிப்போவும் இன்னொன்று. கைப்பேசிகளுக்கும் கணினிகளுக்கும் என்று சிறுத்துப்போன மின்னணுச் சில்லுகள் மூன்றாவது.

மூன்றும் ஒன்றுசேர்ந்த இடம் எது என்பதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது எந்தப் பெரிய தொழிற்சாலையும் இல்லை. 1990களின் இறுதியில் ஜெர்மனியில் லூகாஸ், ரெட்ஸ்பாக், க்யூஃபுஸ் என்ற மூவர், வெளிக்கூடு சுழலும் பிரஷ் இல்லாத மோட்டாரை ஆர்வலர்கள் தாமே செய்துகொள்ளும்படி வடிவமைத்தார்கள். அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகளால் அது எல்.ஆர்.கே. என்று வழங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பழுதான கணினிகளின் சிடி டிரைவ்கள் உலகம் முழுக்கப் பிரிக்கப்பட்டன. தட்டைச் சுழற்றும் அந்தச் சிறு மோட்டாரில் பெரும்பாலும் ஒன்பது பற்கள் கொண்ட இரும்பு நடுவம் இருக்கும். அதிலுள்ள மெல்லிய கம்பியை அவிழ்த்து எறிந்துவிட்டு, சற்றுத் தடித்த எனாமல் கம்பியைப் பல்லுக்கு இத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றுவார்கள். வெளிக்கூட்டின் உள்ளிருக்கும் வலுவற்ற காந்த வளையத்தை எடுத்துவிட்டு, பன்னிரண்டு நியோடிமியம் துண்டுகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். ஒரு துண்டு திரும்பிவிட்டால் மோட்டார் உதறும். இரண்டு துண்டுகளுக்கு இடையே இடைவெளி சமமாக இருக்கத் தீக்குச்சி போன்ற எதையாவது செருகுவார்கள். கடைசியில் இருபது, முப்பது கிராம் எடையுள்ள அந்த மோட்டார், பல்சக்கரம் எதுவும் இல்லாமலே பெரிய ப்ரொப்பெல்லரைச் சுழற்றி அரைக் கிலோ விமானத்தைத் தூக்கிவிடும். குப்பையிலிருந்து வந்த பொருள் அது. கூலி மட்டுமே செலவு. இதே சமயம் சுக்கானைத் திருப்பும் சர்வோ என்ற சிறு பொறியின் எடை 9 கிராமுக்கு வந்திருந்தது. ரிசீவர், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, பேட்டரி எல்லாம் சேர்த்தாலும் உள்ளிருக்கும் சுமை 200 கிராமுக்குள் அடங்கியது. ‘கஃப்’ சுமந்த கிலோக்கணக்கான பாரம் எங்கே, இது எங்கே.

உள்ளே இப்படி இளைத்தபின்தான் வெளியே ஃபோமுக்கு வேலை கிடைத்தது. அப்போதும் விமானத்துக்கென்று தயாரித்த ஃபோமை யாரும் தேடவில்லை. ஐரோப்பாவில் மரத்தளத்துக்கு அடியிலும் சுவர்த்தாளுக்குப் பின்னாலும் குளிர் தடுக்க ஒட்டும் டெப்ரான் தகடுகள் 3 மில்லிமீட்டர், 6 மில்லிமீட்டர் தடிமனில் கிடைத்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுச் சுவரின் வெளிப்பூச்சுக்கு அடியில் வைக்க, விசிறிபோல் மடித்து விற்ற நீலநிறத் தகடு கிடைத்தது. கட்டுமானப் பொருள் கடையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த இவற்றை ஆர்வலர்கள் வாங்கி, பகிர்ந்துகொள்ளப்பட்ட வரைபடங்களின்படி வெட்டினார்கள். சற்று முந்தி 1990களிலேயே கலிஃபோர்னியாவின் மலைச்சரிவுகளில் இன்னொரு நுரை தன்னை நிரூபித்திருந்தது. கார் பம்பர்களின் உள்ளீடாகப் பயன்பட்ட இபிபி என்ற பாலிப்ரொப்பிலீன் நுரையில் செய்த ‘ஸாகி’ போன்ற வாலில்லா இறக்கைகளை, சரிவில் மேலெழும் காற்றில் மிதக்கவிட்டு ஒன்றோடொன்று வேண்டுமென்றே மோதவிட்டு விளையாடினார்கள். மோதலே ஆட்டமானது. விழுந்த விமானத்தை எடுத்து, மூக்கைத் தட்டி நிமிர்த்தி, அடுத்த நிமிடமே மீண்டும் எறிந்தார்கள். மாதிரி விமானத்தின் வரலாற்றில் விழுவதற்கு அஞ்சாத தலைமுறை என்று ஒன்றைச் சொன்னால் அது அந்தச் சரிவுகளில்தான் தொடங்குகிறது. நுரை நொறுங்குவதில்லை, நசுங்குகிறது. பிளந்தாலும் சுத்தமாக இரண்டாகப் பிளக்கிறது. அடி எங்கே பட்டதோ அங்கேயே நின்றுவிடுகிறது. மரத்துக்கும் நுரைக்கும் உள்ள வேறுபாட்டில் தொடக்கக்காரருக்கு முக்கியமானது இந்த ஒன்றுதான். எடைக்கு எடை பார்த்தால் விறைப்பில் பால்சாவே மேல் என்பதை இப்போதும் யாரும் மறுக்க முடியாது.

2010இல் ஓஹையோவில் தொடங்கிய ஃபிளைட் டெஸ்ட் குழுவினர், குறிப்பாக ஜாஷ் பிக்ஸ்லர், செய்த பங்களிப்பு இந்த வரிசையில் கடைசிப் படி. அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் இன்னும் எளியது. ஒரு டாலர் கடைகளில் பள்ளி விளம்பரப் பலகைக்காக விற்கும் ஃபோம் போர்டு, 20 அங்குலத்துக்கு 30 அங்குலம், சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன், இருபுறமும் தாள் ஒட்டியது. அந்தத் தாளைக் குறையாக நினைக்காமல் பயன்படுத்திக்கொண்டதில்தான் திறமை இருக்கிறது. நுரை இரண்டு தாள்களையும் விலக்கிப் பிடித்திருப்பதால் வளைக்கும்போது ஒரு தாள் இழுவிசையையும் மறுதாள் அழுத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது; தகடு தன் எடைக்கு மீறிய விறைப்பைப் பெறுகிறது. ஒருபக்கத் தாளையும் நுரையையும் மட்டும் கத்தியால் கீறி, அடித்தாளை வெட்டாமல் விட்டால் அதுவே கீல். கீறலுக்கு இருபுறமும் நுரையைச் சாய்வாகச் சீவிவிட்டால் சுக்கான் தடையில்லாமல் மேலும் கீழும் ஆடும். இறக்கைக்குள் தகட்டின் கீற்று ஒன்றை நெடுக்குச் சட்டமாக வைத்து, முன்விளிம்பில் கீறி மடக்கி, ஹாட் க்ளூ ஊற்றி, சூடு ஆறும்வரை மேசைமேல் அழுத்திப் பிடித்தால் வளைந்த இறக்கை தயார். 1972இல் ரிச்சர்ட் க்ளைனும் ஃப்லாய்ட் ஃபோகில்மனும் காகித விமானத்திலிருந்து உருவாக்கிக் காப்புரிமை பெற்ற படி வைத்த இறக்கை வடிவம், பெரிய விமானங்களில் எடுபடாமல் போனாலும், தகட்டின்மேல் இன்னொரு தகட்டை ஒட்டிவிட்டாலே கிடைப்பதால் இந்தச் சிறு விமானங்களில் மறுவாழ்வு பெற்றது. இறக்கையை உடலோடு ஒட்டுவதில்லை. இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்கே செருகி ரப்பர் பேண்டால் பிணைக்கிறார்கள். பழைய பால்சா விமானங்களிலிருந்து நேராக வந்த உத்தி அது. மோதும்போது இறக்கை கழன்று பறந்துவிடும், அடியின் பெரும்பங்கு அதோடு போய்விடும். மோட்டாரும் தனிப் பெட்டியாகக் கழன்று வருவதால், உடல் முழுக்க நைந்துபோனாலும் அந்தப் பெட்டியை எடுத்துப் புது உடலில் மாட்டலாம். இங்கே விழுவதன் விலை ஒரு அட்டையின் விலைக்கு இறங்கிவிட்டது.

இத்தனையும் ஆர்வலர்களின் சாதனையாகச் சொல்வது அழகாக இருக்கிறது, உண்மையில் மலிவைக் கொண்டுவந்தவை சீனத் தொழிற்சாலைகள் அல்லவா என்ற மறுப்பு வலுவானது. தைவானின் ஜிடபிள்யூஎஸ் நிறுவனம் விற்ற ‘ஸ்லோ ஸ்டிக்’, ஜெர்மனியின் மல்டிப்ளெக்ஸ் அச்சில் வார்த்த ‘ஈஸிஸ்டார்’ ஆகியவை 2000களின் தொடக்கத்திலேயே ஏராளமானவரைப் பறக்கவைத்தன. 2005க்குப் பிறகு மோட்டார், சர்வோ, பேட்டரி விலைகள் சரிந்ததும் தொழிற்சாலைகளின் அளவுப் பெருக்கத்தால்தான். இதை முழுமையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மோட்டாரைக் கையால் சுற்றிச் செய்கிறவர்கள் இன்று அரிது, கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் வரிசையைக் கவனித்தால், எந்த எடையில் எந்த மாதிரி மோட்டார் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் முதலில் சமையலறை மேசைகளில் கிடைத்தது. தொழிற்சாலை அதைப் பெருக்கியது. இன்னொரு வேறுபாடும் உண்டு. அச்சில் வார்த்த விமானத்தின் மூக்கு போனால் அதே அச்சில் வார்த்த மூக்கு வேண்டும், அது விற்பனையில் இருக்க வேண்டும், கப்பலேறி வர வேண்டும். அட்டையில் வெட்டிய விமானத்தின் வரைபடம் வீட்டில் இருக்கிறது. பெரிய நகரங்களுக்கு வெளியே இருப்பவருக்கு இந்த வேறுபாடு பெரியது. அலைவரிசைச் சிக்கல் தீர்ந்தது மட்டும் முழுக்க நிறுவனங்களின் கொடை. 2005இல் ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்6 என்ற டிரான்ஸ்மிட்டர் வழியாகப் பரவத் தொடங்கிய 2.4 கிகாஹெர்ட்ஸ் முறையில் கருவிகள் தமக்குள்ளேயே காலித் தடத்தைத் தேடிக்கொள்கின்றன. முளைப்பலகை தேவையற்றுப்போனது, தனியாக ஒரு வெட்டவெளியில் நின்று பறக்கவிடுவது அன்றுதான் பயமற்ற காரியமானது.

கணினி சிமுலேட்டரைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. 1990களின் இறுதியிலிருந்து கிடைக்கும் அவற்றில் விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், செலவே இல்லை. கற்றலை எளிதாக்கியது அதுவே என்கிறார்கள். இதில் எனக்கு முரண்பாடு இல்லை. விழுவதன் விலை குறைந்தால் கற்பது விரைவாகும் என்பதற்கு இதைவிடத் தூய்மையான சான்று கிடைக்காது. இடவலக் குழப்பத்தைத் தீர்க்க அது சிறந்த வழியும்கூட. ஆனால் பேட்டரியை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தினால் எடைமையம் மாறி விமானம் ஏன் குதிரைபோல் மூக்கைத் தூக்குகிறது என்பதைத் திரை கற்பிப்பதில்லை. தன் கையால் வெட்டி ஒட்டியவருக்கு அந்தக் காரணம் விரலுக்கே தெரியும். பின்னால் வந்த தானியங்கிச் சமநிலைக் கருவிகளும் நான்கு விசிறி ட்ரோன்களும் விழாமல் காப்பதன்மூலம் இதே சிக்கலுக்கு வேறு விடை சொல்கின்றன. அவை ஓட்டுகிறவரைக் காக்கின்றன; இறக்கை எப்போது காற்றை விட்டுவிடும் என்ற அறிவை அவர் பெற வேண்டிய தேவையையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றன.

கைவினை அழிந்துவிட்டது என்ற வருத்தம் பால்சாக் காலத்தவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த வருத்தத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. விலா எலும்பு வைத்துக் கட்டிய இறக்கைக்கு உண்டான நுட்பம் அட்டை மடிப்பில் இல்லை. ஆனால் கைவினை என்பது திரும்பத்திரும்பச் செய்வதால் வருவது. வாரங்கள் எடுத்துக் கட்டிய விமானத்தைக் கட்டியவர், வடிவத்தை மாற்றிப் பார்க்கத் துணியமாட்டார். கிட்டில் வந்த வரைபடத்துக்கு விசுவாசமாக இருப்பார். ஒரு மாலையில் கட்டுகிறவர் இறக்கையை ஒரு அங்குலம் அகலப்படுத்திப் பார்ப்பார், வாலைக் குறைத்துப் பார்ப்பார், விழும், அடுத்த வாரம் வேறு மாதிரி வெட்டுவார். பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் முதல் வடிவங்களை ஃபோமில் சோதித்துவிட்டுப் பிறகு பால்சாவுக்கும் கார்பன் இழைக்கும் போவது இதனால்தான். ஃபோமில் பழகி மரத்துக்கு வந்தவர்கள் நிறையப் பேர். மரத்தைத் தொட அஞ்சி விலகிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதைத்தான் எந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் சொல்லாது.

மிச்சமிருக்கும் மறுப்பு சுற்றுச்சூழலைப் பற்றியது. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பாலிஸ்டைரீன் மக்காது, உதிர்ந்த மணிகள் காற்றில் பறந்து வாய்க்கால்களைச் சேர்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தெர்மாகோல் தட்டுகளையும் குவளைகளையும் தடைசெய்தது சரியான முடிவு. சில நிமிடப் பயன்பாட்டுக்காக நூறாண்டுக் குப்பையை உண்டாக்கும் பழக்கம் அது. விமானம் அந்த வகை இல்லை என்று சொல்லலாம். இரண்டு அட்டைகளில் கட்டிய உடலின் எடை கால் கிலோவை ஒட்டியே வரும், ஒட்டி ஒட்டி ஒரு பருவம் முழுக்கப் பறக்கும். ஆனாலும் விழுவதன் விலை மலிந்தபின் விழுந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகும் மனமும் வளர்ந்திருக்கிறது. பறக்கவிடும் வெளிகளின் ஓரங்களில் அதன் துண்டுகள் கிடக்கின்றன. பொறுக்கிக்கொண்டு போவது மோதியவரின் வேலை, அதில் விவாதத்துக்கு இடமில்லை. ஃபோமைவிட எனக்குக் கவலை தருவது லிப்போ பேட்டரிதான். கனத்தை நீக்கி இந்தக் கதையையே நடத்தி வைத்தது அது. மோதலில் நசுங்கினால் உடனே தெரியாமல் சிறிது நேரம் கழித்துத் தீப்பிடிக்கக்கூடியதும் அதுவே. உப்பிப்போன பேட்டரியை வீட்டுக் குப்பையோடு போடக் கூடாது, தனியாக மின்கழிவு சேகரிப்பில் சேர்க்க வேண்டும். பெருநகரங்களுக்கு வெளியே அந்தச் சேகரிப்பு இடம் இன்னும் எளிதில் கிடைப்பதில்லை. மலிவு விமானத்தைக் கற்றுத்தரும் பட்டறைகள் கத்தியும் பசையும் வைக்கும் மேசையிலேயே, செத்த பேட்டரிகளை வாங்கிக்கொள்ள மணல் நிரப்பிய உலோகப் பெட்டி ஒன்றையும் வைத்து, நிரம்பியதும் மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.